சம்பளம் கேட்காத வயற்காவலர்
இறக்காமம் வட்டையில் சிலந்திகளோடு ஒரு நாள்

கடந்த பெரும்போகத்தில் ஒரு காலைப்பொழுது. இறக்காமத்து வட்டை ஒன்றில், விதைத்து 25 நாளான வேளாண்மையைப் பார்க்க நாங்கள் சென்றிருந்தோம். வரம்பில் ஒருவர் மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார். டாங்கியில் தண்ணீர் மட்டும் நிரப்பியிருந்தார். மருந்துப் போத்தல் இன்னும் சீல் உடைக்காமல் வரம்பில் இருந்தது.

“என்ன காக்கா, என்ன பூச்சி?” என்று கேட்டோம்.

“புழு விழுந்திட்டு தம்பி. இலையெல்லாம் வெள்ளையாக் கிடக்கு, பாருங்களன்” என்றார்.

போர்க்காலத்தில் வயலை விட்டு வெளியேறி, பல ஆண்டுகள் உறவினர் வீடுகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இருந்த குடும்பம் அவருடையது. இப்போது பிறருடைய 2 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். விதைநெல் கடன், உழவுக்கூலி கடன், பசளை கடன். மருந்துப் போத்தலும் கடன்தான். அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. அவர் பயப்படுவதில் நியாயம் இருந்தது. இந்தப் போகம் தவறினால் அடுத்த போகத்துக்குக் குத்தகைப் பணம் இல்லை.

நாங்கள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம். “இன்று ஒரு நாள் மட்டும் பொறுங்கள். விடியும்போதும், மதியமும், இரவும் எங்களோடு இந்த வயலைப் பாருங்கள். அதற்குப் பிறகு அடிப்பதா விடுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.”

சற்று யோசித்தார். “ஒரு நாள்தானே” என்று டாங்கியை இறக்கி வைத்தார்.

அந்த ஒரு நாளில் நாங்கள் கண்டவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். நீண்ட காலத்தின் பின் மீண்டும் வயலில் இறங்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

காலை: பனியில் தெரியும் வலைகள்

விடிந்து சிறிது நேரம் வரைக்கும் பயிரின் மேல் பனித்துளி நிற்கும். வயலில் எத்தனை சிலந்தி வலைகள் உள்ளன என்று அறிய இதுவே நல்ல நேரம். வெயில் ஏறிவிட்டால் வலை கண்ணுக்குத் தெரியாது.

நீருக்குச் சற்று மேலே, பயிருக்குப் பயிர் குறுக்காக மெல்லிய வட்ட வலைகள் இருந்தன. இவை நீள்தாடைச் சிலந்தியின் வலைகள். ஒல்லியான உடல், நீண்ட கால்கள். மாலை மங்கும் வேளையில் வலை பின்னி இரவு முழுவதும் காத்திருக்கும். வெயில் ஏறியதும் கால்களை முன்னும் பின்னும் நீட்டி, நெல் இலையோடு இலையாக ஒட்டிப் படுத்துவிடும். விரலால் காட்டினால்கூட உடனே கண்டுபிடிக்க முடியாது.

வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல, தமது பழைய வலையைத் தாமே தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னுகின்றன. பழைய நூலிலுள்ள புரதச்சத்து உடலுக்குள் போய் மீண்டும் நூலாக வருகிறது. பழைய சாக்கைப் பிரித்துத் தைத்துப் பழகிய நம் தாய்மாருக்கு இந்தச் சிக்கனம் நன்கு விளங்கும்.

பனி காய்ந்ததும் பகல் வேட்டைக்காரர் வெளியே வந்தனர். கால்களில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிலந்தி இலைக்கு இலை தாவியது. ஆங்கிலத்தில் இதனை லின்ஸ் சிலந்தி என்பர். லின்ஸ் என்பது ஒரு காட்டுப்பூனை. இச்சிலந்தியும் பூனைபோலப் பதுங்கிப் பாயும். இது வலை பின்னி இரை பிடிப்பதில்லை. பயிர் வளர்ந்து இலைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும்போது வயலில் இதன் தொகை கூடும். தண்டு துளைப்பான் அந்துப்பூச்சியை முட்டையிடுவதற்கு முன்பே பிடித்துவிடுவதால் இது பெரிய உதவி.

வெயில் ஏறி இளங்காற்று வீசும் நேரத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். சிலந்திக் குஞ்சுகள் இலை நுனியில் ஏறி நின்று, வயிற்றை மேலே தூக்கி ஒரு நூலை விடும். காற்று அந்த நூலைப் பிடித்துக் குஞ்சையும் தூக்கிச் செல்லும். இவ்வாறு ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கும், பற்றைக் காட்டிலிருந்து புதிதாக உழுத காணிக்கும் அவை குடியேறுகின்றன. பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்த காணியை நீங்கள் துப்புரவு செய்து விதைத்தால், உங்களுக்குப் பின்னாலேயே அவையும் வந்து சேரும். யாரும் கொண்டுவந்து விடவேண்டியதில்லை.

நண்பகல்: நிழலில் ஒரு முறை

உச்சி வெயிலில் வயல் வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தெரியும். வட்டவலைச் சிலந்திகளில் சில இலையின் அடியில் ஒதுங்கிவிடும். மஞ்சள் பட்டைகளுடைய ஒரு வகை மட்டும் வலையின் நடுவில் தலைகீழாகத் தொங்கியபடி இருக்கும். வலையில் வெள்ளை நூலால் பெருக்கல் குறிபோல் தடித்த கோடுகள் போட்டிருக்கும். வெட்டுக்கிளி, வண்ணத்துப்பூச்சி போன்ற பெரிய இரைகளையும் அது மடக்கும்.

உண்மையான வேலை அந்நேரம் பயிரின் அடியில் நடக்கிறது. குனிந்து பயிரை இரு கைகளாலும் விலக்கிப் பாருங்கள். சாம்பல் கலந்த மண்ணிற உடலும், முதுகில் கவர்க்கம்புபோல் பிளந்த ஒரு கோடும் உடைய சிலந்தி, தண்ணீரின் மேலேயே ஓடி ஒளியும். இதுதான் ஓநாய்ச் சிலந்தி. நெல்வயலில் நமக்கு மிகவும் வேண்டிய சிலந்தி இதுவே. வலை கட்டாது. நேரே பாய்ந்து பிடிக்கும். உழுது நீர் கட்டிய சில நாட்களிலேயே வயலுக்கு வந்துவிடும்.

பக்கத்துக் கண்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த தாய்மாரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். “இது தெரியாதா? முட்டையைப் பின்னால கட்டிக்கொண்டு ஓடும். குஞ்சு பொரிச்சா எல்லாத்தையும் முதுகில ஏத்திக்கொண்டு திரியும்” என்றார் ஒரு அக்கா. அவர் சொன்னது முற்றிலும் சரி. முட்டைப் பையை உடலின் பின்முனையில் ஒட்டவைத்துக்கொண்டே இது வேட்டையாடும். ஒரு பையிலிருந்து 60 முதல் 80 குஞ்சுகள் வரை வெளிவரும். சில நாட்கள் தாயின் முதுகில் சவாரி செய்துவிட்டுப் பின் தனியாகப் பிரியும்.

அதே இடத்தில், கடுகைவிடச் சற்றுப் பெரிய குள்ளச் சிலந்திகளும் கூட்டமாக இருந்தன. மெதுவாக நடப்பவை. ஆனால் அறக்கொட்டியின் குஞ்சுகளை நாளுக்கு 4, 5 வீதம் தின்னும்.

அந்தியும் இரவும்: டோச் வெளிச்சத்தில் மின்னும் கண்கள்

நெல்லின் எதிரிகள் பல, இருளிலேயே நடமாடுகின்றன. அறக்கொட்டி எனப்படும் கபில நிறத் தத்தியின் நீண்ட சிறகுடைய வகை, அந்தி மயங்கும் நேரத்தில்தான் கூட்டமாகப் பறந்து வரும். தண்டு துளைப்பான் அந்துப்பூச்சி இரவில் பறக்கும். வயற்காவலும் அதற்கேற்ப மாறுகிறது. பகல் வேட்டைக்காரர் ஒதுங்க, நீள்தாடைச் சிலந்திகள் எழுந்து வலை பின்னுகின்றன. ஓநாய்ச் சிலந்தி பகலிலும் இரவிலும் ஓயாமல் திரிகிறது.

இரவு எட்டு மணிக்கு மறுபடியும் வரம்புக்குப் போனோம். டோச்சை நெற்றிக்கு நேரே, கண்ணோடு ஒட்டிப் பிடித்து வயலுக்குள் அடிக்கச் சொன்னோம். பயிரின் அடியில் இங்கும் அங்கும் பச்சைப் பொட்டுக்களாக மின்னின. பனித்துளி என்று நினைத்தார். கிட்டப் போனதும் அவை நகர்ந்தன. பூனையின் கண்போல், ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள்ளும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு.

“இவ்வளவு கிடக்கா?” என்றார் அவர். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் டோச்சை அடித்துக்கொண்டே வரம்பில் நடந்தார். பின்னர், “வாப்பா சிலந்தியை அடிக்க விடமாட்டார். தௌர் குகை வாசலில வலை கட்டினது எண்டு சொல்லுவார். வயலுக்குள்ள இதுதான் வேலை எண்டு எங்களுக்குத் தெரியாது” என்றார்.

ஒரு சிறு கணக்கு

ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும் என்று பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987இல் வெளியிட்ட கைந்நூல் கூறுகிறது. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 4 சதுர அடிக்கு ஒரு சிலந்தி என்று குறைவாகவே வைத்தாலும் 10,000க்கு மேல் சிலந்திகள். ஆளுக்கு ஐந்து பூச்சி என்றால் ஒரு நாளில் 50,000க்கு மேல். எல்லாம் தீய பூச்சிகள் அல்ல என்பது உண்மை. சிலந்தி கிடைத்ததைத் தின்னும். சில வேளை தன் இனத்தையே தின்னும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், இந்தக் கூலிக்கு எந்தக் கடையிலும் மருந்து வாங்க முடியாது.

பூச்சி வராத நாட்களில் சிலந்தி எதைத் தின்று வாழ்கிறது? 1990களில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் நடந்த ஆய்வு இதனை விளக்கியது. சேற்றில் மக்கும் வைக்கோலிலும் சாணத்திலும் கடிக்காத சிறு கொசு வகைகள் ஆயிரக்கணக்கில் உண்டாகின்றன. அவற்றைத் தின்றே சிலந்திகள் முதலில் பெருகுகின்றன. பின்பு தத்திகள் வரும்போது காவலர் தயாராக நிற்பர். ஆகவே வைக்கோலை எரிப்பவர் சிலந்தியின் முதற் சாப்பாட்டை எரிக்கிறார்.

அவசரப்பட்டு மருந்தடித்தால்...

நமது நண்பர் கண்டது இலை மடிச்சுக்கட்டிப் புழுவின் வேலை. இலையின் பச்சையைச் சுரண்டியதால் வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. பார்வைக்குப் பயமாக இருக்கும். ஆனால் மட்டம் வெடிக்கும் இளம் பருவத்தில் சில இலைகள் பழுதானாலும் நெற்பயிர் புது இலை விட்டு அதை ஈடு செய்துகொள்ளும்.

அந்த நேரத்தில் எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை அடித்தால் என்ன ஆகும்? புழுவோடு சிலந்தியும் சாகும். ஓநாய்ச் சிலந்தி நீர் மட்டத்தில் ஓடித் திரிவதால், இலையிலிருந்து வடியும் மருந்தெல்லாம் அதன் மேல்தான் படும். அறக்கொட்டியின் முட்டைகளோ இலை மடலின் சதைக்குள் செருகப்பட்டிருக்கின்றன. மருந்து அங்கு எட்டாது. 7 முதல் 10 நாட்களில் அவை பொரிக்கும். பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன அப்போது வயலில் ஆள் இல்லை.

காலக் கணக்கும் நமக்கு எதிராகவே இருக்கிறது. அறக்கொட்டிக்கு ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஓநாய்ச் சிலந்தியின் வாழ்நாள் 3, 4 மாதம். ஒருமுறை அழிந்த காவல் மீண்டும் நிறைவதற்குள் தத்தி பல மடங்கு பெருகிவிடும். 25ஆம் நாளில் புழுவுக்கு அடித்தவர், 60ஆம் நாளில் வயலின் நடுவே வட்ட வட்டமாக எரிந்த பயிரைக் கண்டு தலையில் கைவைப்பது இதனால்தான். பிறகு இன்னொரு போத்தல், இன்னொரு கடன்.

இது ஒரு வட்டையின் கதை அல்ல. இந்தோனேசியாவில் மருந்துக்கு அரசே மானியம் கொடுத்து, வயல்களெங்கும் தெளித்து, கடைசியில் அறக்கொட்டி நாட்டையே அச்சுறுத்தியது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989இல் மானியமும் நின்றது. நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை. அதே 1989இல், விவசாயிகளை வயலுக்குள்ளேயே கூட்டி பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பழக்கும் வயற்பாடசாலைகள் அங்கு தொடங்கின. 1990களின் நடுவில் இலங்கைக்கும் அவை வந்தன. தென்னிலங்கையில் அவற்றிற் படித்த விவசாயிகள் மருந்தடிப்பதை வெகுவாகக் குறைத்ததைப் பின்னர் ஆய்வாளர் பதிவு செய்தனர்.

நமது நாட்டு வயலில் நண்பர்கள் எத்தனை பேர்? குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடையில் நெல்வயல் ஒன்றை ஆராய்ந்த சன்ன பம்பரதெனியவும் அவரது குழுவினரும் 2004இல் விடையளித்தனர். பூச்சி, சிலந்தி முதலிய கணுக்காலிகள் மட்டும் 405 இனங்கள். அவற்றில் நெல்லுக்குத் தீமை செய்யும் பூச்சிகள் 55. தீய பூச்சிகளை அழிக்கும் நண்பர்கள் 200. ஒரு பகைவனுக்கு மூன்றுக்கு மேற்பட்ட நண்பர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2021இல் இரசாயனப் பசளையும் மருந்தும் ஒரே அடியாக நிறுத்தப்பட்டபோது, அந்தப் பெரும்போகத்தில் விவசாயிகள் பட்ட பாட்டை யாவரும் அறிவோம். அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. மேலிருந்து வரும் தடை வேறு, வயலைப் பார்த்து நாமே எடுக்கும் முடிவு வேறு. நாங்கள் சொல்வது இரண்டாவதை.

நீங்கள் செய்யக்கூடியவை

1. விதைத்த முதல் 40 நாட்களுக்கு, இலையில் புழு தெரிகிறது என்பதற்காக மட்டும் மருந்து அடிக்காதீர்கள்.

2. கிழமைக்கு ஒரு தடவை எண்ணுங்கள். நமது பகுதியில் பெரும்பாலும் வீச்சு விதைப்பு. ஆகவே தடியால் ஒரு அடிச் சதுரச் சட்டம் கட்டி, வயலில் 10 இடங்களில் வைத்து, அதற்குள் பயிரின் அடியில் எத்தனை தத்தி, எத்தனை சிலந்தி என்று கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகள் இதை விருப்பத்தோடு செய்வார்கள்.

3. மூன்று நேரமும் பாருங்கள். காலைப் பனியில் வலை தெரியும். நண்பகலில் பயிரின் அடி தெரியும். இரவில் டோச்சுக்கு ஓநாய்ச் சிலந்தியின் கண் தெரியும். பாம்புக்குக் கவனமாக, சப்பாத்துப் போட்டு, இருவராகச் செல்லுங்கள்.

4. வரம்புப் புல்லை எரிக்கவோ முழுவதையும் ஒரே நாளில் மருந்தால் கருக்கவோ வேண்டாம். உழவின்போது சிலந்திகள் ஒதுங்குவது அங்கேதான். காடாக விட்டால் எலி சேரும். கணுக்கால் உயரத்துக்கு வெட்டி விடுவது நல்லது.

5. வைக்கோலை வயலில் பரப்பி மக்க விடுங்கள். சீனாவில் விவசாயிகள் வைக்கோற் கற்றைகளை வயலில் வைத்துச் சிலந்திகளுக்கு ஒதுங்கிடம் கொடுக்கிறார்கள்.

6. நெருக்கி விதைப்பதும் யூரியாவை அளவுக்கு மேல் போடுவதும் அறக்கொட்டிக்கு விருந்து வைப்பதாகும்.

7. எண்ணிக்கையில் தத்தி கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டே போனால் தாமதிக்காமல் விவசாயப் போதனாசிரியரைக் காணுங்கள். முடிந்தால் நீரை 3, 4 நாள் வடிய விடுங்கள். மருந்து அவசியமானால் அவர் சொல்லும் மருந்தை, தாக்கம் உள்ள இடத்துக்கு மட்டும் பாவியுங்கள். மருந்துப் போத்தலைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

இன்னுமொரு பயத்தையும் தீர்க்கவேண்டும். வயற்சிலந்திகளால் மனிதருக்கு ஆபத்தில்லை. வயலில் வேலை செய்தபின் தோலில் கோடாக எரிந்து கொப்பளித்தால் ‘சிலந்தி மூத்திரம்’ என்று சொல்வதுண்டு. பல வேளைகளில் அதற்குக் காரணம் செம்மஞ்சளும் கறுப்புமான ஒரு சிறு வண்டு. தோலில் வைத்து நசுக்கினால் அதன் நீர் சுடும். நசுக்காமல் ஊதிவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அதுவும் தத்தியைத் தின்னும் நண்பன்தான்.

மீண்டும் அதே வரம்பில்

அறுவடைக்கு முன் நாங்கள் திரும்பவும் இறக்காமம் சென்றோம். நமது நண்பர் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். மகள் அழகான எழுத்தில் கிழமைவாரியாகப் பதிந்திருந்தாள். பள்ளமான ஒரு மூலையில் அறக்கொட்டி கூடியிருக்கிறது. போதனாசிரியர் சொன்னபடி அங்கு நீரை வடித்திருக்கிறார். அந்த மூலையில் கொஞ்சம் நெல் போனது உண்மை. மற்ற வயலெல்லாம் கதிர் சாய்ந்து நின்றது.

“அந்தப் போத்தல் என்ன ஆச்சு காக்கா?” என்று கேட்டோம்.

“சீல் உடைக்கல்லதானே. கடையில திருப்பிக் குடுத்திட்டன். கணக்கில ஒரு வரியை வெட்டினாங்க” என்றார்.

கடன் கொப்பியில் ஒரு வரி குறைவது இடம்பெயர்ந்த குடும்பத்துக்குச் சிறிய காரியமல்ல. அன்று மாலை நாங்கள் புறப்படும்போது, வரம்போரத்து நீருக்கு மேல் ஒரு நீள்தாடைச் சிலந்தி தன் இரவு வேலைக்கு முதல் நூலை இழுத்துக்கொண்டிருந்தது.